இடது காதில் உன் ஆள், வலது காதில் என் ஆள்

இன்று காலை கடம்பூரில் வண்டி நின்றபோது இரண்டு கல்லூரிப் பெண்கள் ஏறி என் எதிரே உட்கார்ந்தார்கள். ஒருத்தி ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியைத் திறந்து, பாட்டுக் கேட்கிற குமிழ் ஒன்றைத் தன் காதில் செருகிக்கொண்டு, மற்றதைத் தோழியிடம் நீட்டினாள். இப்போதெல்லாம் கம்பிகூட இல்லை. இருவரும் தலையாட்டத் தொடங்கினார்கள். "உனக்கு என்ன கேக்குது, அவளுக்கு என்ன கேக்குது?" என்று கேட்க எனக்கு வாய் வரை வந்துவிட்டது. கேட்டிருந்தால் இடம் மாறி உட்கார்ந்திருப்பார்கள். இதையெல்லாம் உன்னிடம்தான் கேட்க முடியும். நீ போய்ச்சேர்ந்து பதினான்கு மாதம் ஆகிறது.

இதே தடத்தில்தான் நாம் போய்வந்தோம். மணியாச்சியில் ஏறி, கோவில்பட்டியில் இறங்கி, ஒரே பஞ்சாலை அலுவலகத்துக்கு நடப்போம். நீ தட்டச்சு, நான் ஸ்டோர். கப்பலில் வேலை பார்த்த உன் அண்ணன் ஒருமுறை தூத்துக்குடியில் இறங்கியபோது, உனக்கு ஒரு வாக்மேனும் இரண்டு ஆங்கிலக் கேசட்டுகளும் கொண்டுவந்து கொடுத்தார். வீட்டுக்குப் போனால் அதைத் தொடக்கூட உனக்கு நேரம் இருக்காது. ரயிலில் முக்கால் மணி நேரம், அவ்வளவுதான். சன்னலோரம் நீ, உன் இடப்பக்கம் நான். இடது குமிழ் உன் இடது காதில், வலது குமிழ் என் வலது காதில்.

அமெரிக்காவில் ஏதோ ஒரு குழு. ஒரு பாட்டைத் தொடங்கினால் கடம்பூர் தாண்டும், குமாரபுரம் தாண்டும், பாட்டு முடியாது. பாடுகிறவர் எப்போதோ நிறுத்திவிட்டிருப்பார். வாசிப்பவர்கள் மட்டும் தோன்றியபடி போய்க்கொண்டே இருப்பார்கள். வார்த்தை நமக்குப் புரியவில்லை. டிரம்ஸ்தான் நம்மைப் பிடித்துக்கொண்டது.

அதில்தான் சண்டையும் வந்தது. "கடிகாரம் மாதிரி அடிக்கான், ஒரு அடி பிசகல" என்று நான் சொன்னேன். நீ சிரித்தாய். "கடிகாரமா? எங்கன அடிப்பாம்னே தெரியல. ஓடுதான், நிக்கான், திடீர்னு மேல வந்து விழுதான். உனக்குக் காது கேக்குதா இல்லையா?" ஒரு வாரம் இதே பேச்சு. நீ வேண்டுமென்றே வம்பு செய்கிறாய் என்று நான் நிச்சயமாக நம்பினேன்.

குமாரபுரத்தில் எதிர்வண்டிக்காக நின்றிருந்த ஒரு காலையில், குமிழ்கள் இரண்டும் நழுவி உன் மடியில் விழுந்தன. எடுத்துப் போட்டுக்கொண்டதில் இடம் மாறிவிட்டது. நீ என் கையைப் பிடித்து அமுக்கினாய். "ஏட்டி! இது வேற ஆளு!"

நாம் மாற்றி மாற்றிக் கேட்டோம். ஒரே பாட்டில் இரண்டு பேர், இரண்டு டிரம்ஸ். கேசட் உறையைப் பிரித்துப் படித்தபோது அதில் இரண்டு பெயர்கள் இருக்கத்தான் செய்தன. அது வரை நாம் படிக்கவே இல்லை. அன்றிலிருந்து அந்த வெளிநாட்டுப் பெயர்கள் நமக்குத் தேவைப்படவில்லை. இடது காதுக்காரன் உன் ஆள், வலது காதுக்காரன் என் ஆள்.

கழுகுமலைக்குப் போகிற ஒரு அம்மாள் அடிக்கடி நம் எதிரில் உட்காருவார்களே, அவர்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. "இன்னைக்கு உன் ஆளு ரொம்ப அடிக்கான்" என்று நான் சொல்ல, "என் ஆளு அப்படித்தான், உன் ஆளு நிதானமா அடிப்பான்" என்று நீ சொல்ல, அந்த அம்மாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார்கள்: "ஏம்மா, ரெண்டு பேரு வீட்லயும் இந்தக் கொடுமைதானா? அடியும் வாங்கிட்டுச் சிரிக்கவா செய்யுதீங்க?" எனக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை. நீ வாக்மேனைக் காட்டி விளக்கிச் சொன்னாய். அவர்கள் நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். இறங்கும்போது உன் தலையைத் தடவிவிட்டுப் போனார்கள்.

இரண்டாவது கேசட் வேறொரு குழு. அதிலும் டிரம்ஸ் அடிக்க இரண்டு பேர். ஆனால் எவ்வளவு மாற்றிக் கேட்டும் பிரித்தறிய முடியவில்லை. இருவரும் ஒன்றையே சேர்ந்து அடித்தார்கள். "ஒரே வேலைக்கு எதுக்கு ரெண்டு ஆளு?" என்று கேட்டேன். "மாதா கோயில் சப்பரம் தூக்குதவங்ககிட்டப் போய்க் கேளு" என்றாய். அவர்கள் பாரத்தைச் சேர்ந்து தூக்குகிறவர்கள், நம்மவர்கள் பேசிக்கொள்கிறவர்கள் என்பது உன் முடிவு. எனக்கு இரண்டாவது குழுவும் பிடித்திருந்தது. உனக்கு அலுத்துவிட்டது.

முதல் கேசட்டில் ஓர் இடம் நம்மைப் பாடாய்ப் படுத்தியது. மற்ற வாத்தியங்களெல்லாம் ஒதுங்கிவிட, இவர்கள் இருவர் மட்டும் வெகுநேரம் அடிப்பார்கள். நடுவில் இருவரும் ஒரே நொடியில் நிறுத்துவார்கள். ஒரு மூச்சுவிடும் நேரத்துக்குச் சத்தமே இருக்காது. பிறகு ஒரே நொடியில் தொடங்குவார்கள். யார் யாருக்குச் சைகை காட்டினார்கள்? என் ஆள்தான், அவன்தானே நிலையாக நிற்கிறவன் என்றேன் நான். "நிக்கிறவனுக்கு என்னட்டி தெரியும்? அலையுதவன்தான் அடுத்தவனப் பாத்துக்கிட்டே இருப்பான்" என்றாய் நீ. பார்க்க நமக்கு வழியில்லை. வருடக்கணக்காக அந்த வழக்கு தீராமலே இருந்தது.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்து இருபது நாள் விடுப்பில் இருந்தாய். திரும்பி வந்தபோது மெலிந்திருந்தாய், மற்றபடி எல்லாம் பழையபடிதான். நான் பேசினால் மட்டும் முகத்தை முழுதாகத் திருப்பி என் வாயைப் பார்த்தாய். அதை நான் அசதி என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு திங்கட்கிழமை, நீ கொடுத்து வைத்திருந்த வாக்மேனை வீட்டில் போட்டுப் பார்த்தேன். இடது குமிழில் சத்தமே இல்லை, கம்பி அறுந்திருந்தது. ரயிலில் சொல்லலாம் என்று வந்தேன். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் நீ குமிழைக் காதில் வைத்துக்கொண்டாய். பாட்டு தொடங்கியது. நீ தலையாட்டினாய். "என் ஆளு இன்னைக்கு நல்ல மூடுல இருக்கான்" என்றாய்.

உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் விரல்கள் மடியிலிருந்த டிபன் பையின் மேல் அடித்துக்கொண்டிருந்தன. என் வலது காதில் என் ஆள் ஒழுங்காக அடிக்க, உன் விரல்கள் அவனுக்கு நடுவில் புகுந்து, பின்தங்கி, முந்தி, மேலே வந்து விழுந்தன. ஓர் அடிகூடத் தவறவில்லை. அந்த நிறுத்தம் வந்தது. என் காதில் அவன் நிறுத்திய நொடியில் உன் விரலும் நின்றது. அவன் தொடங்கிய நொடியில் தொடங்கியது.

கடம்பூரில் உன் குமிழை எடுத்துவிட்டேன். "கம்பி அறுந்து கிடக்கு. இதுல ஒண்ணுமே கேக்காது" என்றேன். நீ சன்னலுக்கு வெளியே உளுந்துக் காட்டைப் பார்த்தபடி இடது காதைத் தடவினாய்.

"எத்தன நாளா?" என்றேன்.

"காய்ச்சல்ல இருந்தே. இந்தக் காது நரம்பு போயிட்டுன்னு பாளையங்கோட்டைல டாக்டர் சொல்லிட்டாவ."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ கேசட்டக் கொண்டாரமாட்ட" என்றாய். பிறகு, "அவன் எங்க அடிப்பாம்னுதான் எனக்குத் தெரியுமே" என்று சொல்லி அழுதாய். "எந்திரிட்டி, தள்ளி உக்காரு" என்றேன். சன்னல் இருக்கையைப் பறிக்கிறேன் என்று அழுகையினூடே ஏசினாய். நான் உன் வலப்பக்கம் உட்கார்ந்து, கம்பி அறாத குமிழை உன் வலது காதில் வைத்தேன். கோவில்பட்டி வரை நீ என் ஆளைக் கேட்டாய். "பாவம், இவனும் நல்லாத்தான் அடிக்கான்" என்றாய். அந்த வாரமே நான் புதுக் கம்பி வாங்கினேன். இடது குமிழ் உன் வலது காதுக்குப் போனது, உன் ஆள் திரும்பி வந்தான்.

போன மாதம் அந்தக் கேசட் உறையிலிருந்த குழுவின் பெயரைக் கைப்பேசியில் தட்டிப் பார்த்தேன். மேடையில் எடுத்த வீடியோ கிடைத்தது. இரண்டு பேரும் அருகருகே உட்கார்ந்திருக்கிறார்கள். அடிக்கிற விதத்திலேயே யார் யார் என்று தெரிந்துவிடுகிறது. அந்த இடத்தை எத்தனையோ முறை ஓட்டிப் பார்த்துவிட்டேன். என் ஆள் கண்ணை மூடிக்கொண்டே அடிக்கிறார். உன் ஆள் அவருடைய தோளையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தத் தோள் லேசாக ஏறியதும் இருவரும் நிறுத்துகிறார்கள். ஆகவே நிறுத்தியது என் ஆள், பார்த்துக்கொண்டிருந்தது உன் ஆள். நீ பாதி ஜெயித்தாய். ஆனால் வேறொரு ஊர் மேடையில் எடுத்த வீடியோவில் எல்லாம் தலைகீழ்: அங்கே உன் ஆள் கண்ணை மூடியிருக்கிறார், என் ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார். இதற்கு நீ என்ன சொல்லியிருப்பாய் என்று தினமும் யோசிக்கிறேன். நிச்சயம் ஒத்துக்கொண்டிருக்க மாட்டாய்.

நேற்று ஸ்டேஷன் ரோட்டில் என் வீட்டுக்காரர் சலித்துக்கொண்டார். "எதுக்கு எப்பவும் எனக்குச் சோத்தாங்கைப் பக்கமே வந்து இடிக்க? அந்தப் பக்கம் அவ்ளோ இடம் கிடக்குல்லா." அவர் சொன்ன பிறகுதான் கவனித்தேன். யாருடன் நடந்தாலும் என் கால்கள் தாமாகவே அவர்களுடைய வலப்பக்கம் போய்விடுகின்றன.