ஸ்டெல்லாக்கா கடை

பிப்ரவரி 7, செவ்வாய்

விடியலில் பனி, பத்து மணிக்கே சுள்ளென்று வெயில். வல்லக்கோட்டை முருகன் கோவிலுக்குப் போகிற கூட்டம், பஸ்ஸில் நிற்க இடமில்லை. கடை திறக்கத் தாமதம். பில் போடுகிற ஸ்டெல்லா எனக்கு முன்பே வந்து ஷட்டருக்கு வெளியே, ஃபாக்டரியில் நைட் ஷிஃப்ட் முடிந்த பெண்கள் நாலைந்து பேரோடு. ஒரே சிரிப்பு. என்னைப் பார்த்ததும் பெண்கள் நிறுத்திக்கொண்டார்கள். அவள் நிறுத்தவில்லை.

மதியம் முதலாளி போனில். விற்றாகிவிட்டது. ஏழு கடையும். வாங்கியது சென்னைக் கம்பெனி (இனி பு.க.). தாமரை ஸ்டோர்ஸ் என்ற பெயர் இந்த மாதத்தோடு சரி. "உங்களுக்கு ஒண்ணும் ஆகாதும்மா, நீங்க எம்.ஏ. படிச்சவங்க" என்றார். படித்ததற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கவில்லை.

செய்ய வேண்டியது: சரக்கு கணக்கெடுப்பு. பால்காரருக்குத் தகவல். கண்ணாடிக்கு ஃப்ரேம். ஸ்டெல்லாவிடம் சொல்ல வேண்டும்.

(சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு நேற்றே தெரியும். முதலாளியின் டிரைவர் சொன்னானாம்.)

பிப்ரவரி 8, புதன்

பு.க.விலிருந்து நிவேதா என்று ஒரு பெண். இருபத்தாறு இருக்கலாம். என்னை "வசந்தா" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவர்கள் கம்பெனியில் அப்படித்தானாம்.

விஷயம் இது. எங்கள் கடையில் இப்போது ஐந்து பேர். இனி மூன்று பேர் போதும். அதில் ஒருவர் பொறுப்பாளர். பழைய பதவி எதுவும் கணக்கில்லை. பொறுப்பாளர் வேலைக்கு நானும் ஸ்டெல்லாவும். ஒருவருக்குக் கிடைக்கும், மற்றவருக்குக் கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். "வயசு ஒரு தடையே இல்ல" என்றாள், என்னை மட்டும் பார்த்து.

பிறகு வாசலில் நின்று, வருகிறவர்களிடம் விளையாட்டு போலக் கேட்டாள், இந்தக் கடைக்கு என்ன பெயர் என்று. நான் உள்ளே கொசுவர்த்திச் சுருள் அடுக்கிக்கொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. தாமரை என்று ஒருவரும் சொல்லவில்லை. ஸ்டெல்லாக்கா கடை. ஸ்டெல்லாக்கா கடை. லாரி டிரைவர் ஒருவர்கூட.

பதினோரு வருடமாகச் சாவி என் கைப்பையில். கொள்முதல் என்னுடையது. காலாவதியான பொருளை ஒரு நாள்கூட அலமாரியில் விட்டதில்லை. அவள் செய்வது பில் போடுவது. பத்தாவது ஃபெயில்.

போன வருடம் டைபாய்டில் படுத்து எழுந்து வந்தபோது, யாராவது என்னை விசாரித்தார்களா என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன். "எல்லாருமே கேட்டாங்க மேடம்" என்றாள். ஒருவர் பெயரும் சொல்லவில்லை.

பிப்ரவரி 10, வெள்ளி

தண்டலத்தில் ஒரு கல்யாண மண்டபம். ஏழு கடையிலும் பொறுப்பாளர் வேலைக்கு நிற்பவர்களுக்குப் பயிற்சி, கடைக்கு ஒருவர் இன்று, மற்றவர் நாளை. எப்படிச் சிரிப்பது, எத்தனை அடி தள்ளி நிற்பது, கடையை எப்படிச் சுத்தமாக வைப்பது. கடனாக எதுவும் தரக்கூடாது, இலவசமாக எதுவும் தரக்கூடாது, வாடிக்கையாளரின் சொந்த விஷயம் கேட்கக்கூடாது. அக்கா, அண்ணா கூடாது. கம்பெனி ஆட்களே வாடிக்கையாளர் போல வந்து பார்ப்பார்கள், எப்போது என்று தெரியாது.

மைதா மாவு அல்வா. தயிர் சாதம். பெயர் அட்டை கொடுத்த ஒல்லிப் பையன் தயிர் சாதத்தையும் ஸ்பூனால் சாப்பிட்டான். இடது காதோரம் மச்சம்.

விதிகளைக் குறித்துக்கொண்டபோது மனசுக்குள் ஒரு கணக்கு. இதில் ஸ்டெல்லா தினமும் மீறாதது எது? சுத்தம் மட்டும்.

பிப்ரவரி 11, சனி

இன்று அவளுடைய முறை. சாயங்காலம் திரும்பி வந்து, மொத்தப் பயிற்சியையும் கல்லாப் பக்கம் நின்று நடித்துக் காட்டினாள். பெண்கள் அரிசி மூட்டைமேல் சாய்ந்து சிரித்தார்கள். "வணக்கம் மேடம், இந்த நாள் உங்களுக்கு இனிய நாளாக அமையட்டும். இத்த சொல்லிக்கினே பாக்கிச் சில்லற குடுக்கணுமாம். அதுக்குள்ள அதுக்கு பஸ் பூடும்."

என்னைப் போலவும் நடித்துக் காட்டச் சொன்னார்கள் போல. "ச்சீ, சும்மா கெடங்கடி" என்றாள். கேட்டது.

பிப்ரவரி 13, திங்கள்

போர்டை இறக்க ஆள் வந்தது. பெயிண்டர் பாதித் தாமரையைச் சுரண்டிவிட்டுச் சாப்பிடப் போனார். மீதி மூன்று இதழோடு நாள் முழுக்க.

ஸ்டெல்லாவுக்கு அதெல்லாம் கவலையில்லை. வியாழக்கிழமை மாரிக்கு மாப்பிள்ளை வருகிறது, அதுதான் கவலை. மாரி செல்போன் ஃபாக்டரிப் பெண், ஊர் கோவில்பட்டிப் பக்கம். விடுதியில் ஆண்களை உள்ளே விடமாட்டார்கள். ஊருக்குப் போக லீவு கிடையாது. அதனால் தெற்கேயிருந்து பெண் பார்க்க வருகிறவர்கள் எங்கள் கடைக்கு வருவார்கள். ஸ்டெல்லா ஆரம்பித்த வழக்கம். மூன்று மணி, கூட்டம் இல்லாத நேரம். அவர்கள் ஃப்ரிட்ஜ் பக்கம் கலர் குடித்துக்கொண்டு நிற்பார்கள். பெண் சோப்பு வாங்க வருவது போல வருவாள். பிடிக்கவில்லையென்றால் யாருக்கும் அவமானமில்லை, சோப்பு வாங்கிக்கொண்டு போய்விடலாம். கலருக்குக் காசு ஸ்டெல்லாவுடையது. நாலைந்து கல்யாணம் முடிந்திருக்கிறது. எல்லாப் பத்திரிகையும் "ஸ்டெல்லா அக்கா" பெயருக்கு.

மாரி இன்று நாலு தரம் வந்துவிட்டாள். "ஏக்கா, பச்சைச் சேலை கட்டட்டா, நீலமா? அவுக அம்மையும் வாராவளாம்லா."

என்னிடம் கேட்கவில்லை. நான் அங்கேதான் இருந்தேன். கேட்டிருந்தால் நீலம் என்றிருப்பேன்.

என்னைப் பார்க்க வந்தவர்களுக்கு அப்பா கேசரி வாங்கி வைத்தார். இரண்டு முறை. சோப்பு வாங்கிக்கொண்டு நழுவும் வசதி அப்போது இல்லை.

பிப்ரவரி 16, வியாழன்

தலைவலி. நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

மூன்று மணிக்குச் சற்று முன்பு ஓர் ஆள். இஸ்திரி போட்ட சட்டை. ஃப்ரிட்ஜ் பக்கம் நின்றான், எதுவும் எடுக்கவில்லை. விலைச்சீட்டைப் பார்த்தான், மேலே மின்விசிறியைப் பார்த்தான். ஸ்டெல்லா கல்லாவை விட்டு எழுந்து நேராகப் போனாள்.

"வாங்க தம்பி. ஒண்டியாவா வந்தீங்க? அம்மா வர்ல?"

அவன் விழித்தான். "அம்மா... வரல."

அவள் முக்காலியை இழுத்துப் போட்டாள். கலர் ஒன்றைத் திறந்து கையில் கொடுத்தாள். வேலை நிரந்தரமா, கான்ட்ராக்டா. குடிப்பழக்கம் உண்டா. கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர். அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். வேறென்ன செய்வான், தான் யார் என்று சொல்லக்கூடாதே. கான்ட்ராக்ட் என்றபோது அவள் முகம் கொஞ்சம் வாடியது.

காதோரம் மச்சம். பயிற்சியில் பார்த்த தயிர் சாதப் பையன்.

மாரி பச்சைச் சேலையில் வந்தாள். தலை நிறையப் பூ. சோப்பை எடுத்தாள், கீழே போட்டாள், எடுத்தாள். பையன் தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த சோப்புக்கு ஏதாவது தள்ளுபடி இருக்கிறதா என்று ஸ்டெல்லாவிடம் கேட்டான். அவள் என் பக்கம் குனிந்து கிசுகிசுத்தாள். "பாத்தீங்களா மேடம், சிக்கனமான புள்ள."

ஒரு வார்த்தை போதும். வார்த்தைகூட வேண்டாம், காலை மிதித்திருக்கலாம். சனிக்கிழமை பயிற்சிக்கு அவன் வரவில்லை, அன்று பெயர் அட்டை கொடுத்தது ஒரு பெண்ணாம், அவளுக்கு அவனைத் தெரிய வழியே இல்லை. பையன் என்னை ஒரு முறை பார்த்தான். நான் விலைச்சீட்டுச் சுருளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பிரித்துக்கொண்டே இருந்தேன்.

நாலரைக்கு உண்மையான மாப்பிள்ளை, அம்மா, மாமா. வழியில் பஸ் பழுதாம். ஸ்டெல்லா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். மாரியை மறுபடி விடுதியிலிருந்து கூப்பிட்டு வந்து, மறுபடி சோப்பு. அந்த அம்மாவுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. மாரி போகும்போது, "மொத வந்தவுகதாங்க்கா நல்லாருந்தாவ" என்று சொல்லி அடி வாங்கினாள்.

"அப்ப அது யாரு மேடம், மொதல்ல வந்தது?"

"யாரோ" என்றேன்.

பிப்ரவரி 20, திங்கள்

நிவேதா. என்னை மட்டும் பின்னால் கோடவுனுக்குக் கூட்டிப்போனாள். எனக்குத்தான் வேலை. பிறகு காரணம் சொன்னாள்.

"உங்களுக்கு அவரைத் தெரிஞ்சிருந்தது, இல்லையா வசந்தா? அவரே சொன்னார். மத்தக் கடைல எல்லாம் ஒருத்தருக்கொருத்தர் ஜாடை காட்டிடறாங்க. நீங்க காட்டல. அந்த இன்டெக்ரிட்டிதான் எங்களுக்கு வேணும்."

அந்த ஆங்கிலச் சொல்லுக்கு நேர்மை என்று பொருள். கல்லூரியில் கட்டுரையே எழுதியிருக்கிறேன். நன்றி சொன்னேன்.

ஸ்டெல்லா, லோடு இறக்குகிற குமார், இரண்டு பேரும் இந்த வாரத்தோடு. மூன்று கடை மூடல், எங்களுடையது இல்லை.

வழியில் மருந்துக்கடை. தலைவலி மாத்திரை. வாழைப்பழம்.

பிப்ரவரி 22, புதன்

இன்று அவளுக்குச் சொன்னார்கள், காரணத்தோடு. கண் கலங்கும், சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். இல்லை. கல்லாவைத் துடைத்தாள். விஷயம் தெரிந்து பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒருத்தி மல்லிகைப்பூ, ஒருத்தி ஊரிலிருந்து வந்த அதிரசம். எழவு வீடா, கல்யாண வீடா என்று தெரியவில்லை. வேலை கிடைத்தவள் நான். என்னிடம் ஒருத்தியும் ஒன்றும் சொல்லவில்லை.

கடை மூடும்போது கேட்டாள்.

"மேடம், அந்தாளு கம்பெனி ஆளுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

என் முகத்தையே பார்த்தாள். பிறகு பூட்டை என் கையிலிருந்து வாங்கித் தானே பூட்டினாள், அந்தப் பூட்டு எனக்கு எப்போதும் மக்கர் பண்ணும்.

"வுடுங்க மேடம். நீங்க இன்னா பண்ணுவீங்க."

என்னைச் சமாதானப்படுத்துகிறாள். வேலை போனவள். அதையும் என்னைவிட நன்றாகச் செய்கிறாள்.

பிப்ரவரி 28, செவ்வாய்

திறப்பு. புது போர்டு, ஆங்கிலத்தில் நாலே எழுத்து. பலூன்கள். புடவைக்குமேல் ஆரஞ்சு நிறக் கோட்டு, மார்பில் வசந்தா என்று அட்டை. கண்ணாடியில் பார்த்தேன், பெட்ரோல் பங்கில் வேலை செய்கிறவள் போல. ஏசி வேலை செய்கிறது. முக்காலியை எடுத்தாகிவிட்டது.

கூட்டம் நன்றாகவே. ஷிஃப்ட் விட்டு வந்தவள் ஒருத்தி, வெளியே நின்ற தோழியிடம் சத்தமாக, "ஸ்டெல்லாக்கா கடைல நிக்கேன், இங்க வா."

மாரி வந்தாள். ஷாம்பு வாங்கினாள். "இந்த நாள் உங்களுக்கு இனிய நாளாக அமையட்டும்" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு போனாள். சிரிப்பை அடக்குகிறாளா, அழுகையையா, தெரியவில்லை.

மார்ச் 6, திங்கள்

ஸ்டெல்லாவுக்கு வேலை கிடைத்துவிட்டதாம். பென்னலூரில் புதிதாகக் கட்டிய பெண்கள் விடுதியில் வார்டன். அவள் வீட்டுக்குப் பக்கம். விடுதிக்காரரே வீடு தேடி வந்து கேட்டாராம். எனக்கு இந்த வேலைக்கு எத்தனை பரீட்சை. அவளுக்கு வீடு தேடி வருகிறது.

நிவேதா போன் செய்தாள். எனக்குக் கூடுதல் பொறுப்பு. மற்ற கடைகளுக்கு வாடிக்கையாளர் போலப் போய்ப் பார்த்து எழுத வேண்டும். "உங்களால முடியும். உங்க முகத்துல ஒண்ணுமே தெரியாது."

மார்ச் 9, வியாழன்

ஒரகடம். அனல். லாரிப் புழுதி. ஆரஞ்சுக் கோட்டு இல்லாமல் போனேன். அந்தக் கடைப் பொறுப்பாளருக்கு இன்று லீவு, மற்ற யாருக்கும் என்னைத் தெரியாது.

பில் போடுகிற பெண்ணுக்கு முப்பது இருக்கும். வேறு ஆளில்லாத நேரம். நான் பற்பசை எடுத்துக்கொண்டு நின்றேன். எங்கிருந்து வருகிறீர்கள் என்றாள். ஸ்ரீபெரும்புதூர் என்றேன். வெயிலில் வந்திருக்கிறேன் என்று தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்தாள்.

"அங்க எங்க கடை ஒண்ணு கீதே, ஸ்டெல்லாக்கா கடை, பாத்துக்கீறீங்களா? அந்த அக்காவத் தூக்கிட்டாங்க. கூட இருந்த மேடம், வந்த ஆளு யாருன்னு தெரிஞ்சுக்கினே வாயத் தொறக்கலயாம்."

"யார் சொன்னது?"

"ஸ்டெல்லாக்காதான். அந்த மேடத்தக் கேட்டுச்சாம். தெரியாதுன்னுச்சாம். மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிடுச்சாம். நாலு கேள்வி நறுக்குன்னு கேக்க வேண்டியதுதான்னு நாங்க சொன்னோம். அது இன்னா சொல்லுது தெரியுமா? 'வுடுங்கடி, எனக்குப் புருசன், புள்ளைங்க, நீங்கள்லாம் கீறீங்க. அந்த மேடத்துக்கு அந்தக் கடைய வுட்டா இன்னா கீது, பாவம்.'"

தண்ணீரைக் குடித்து முடித்தேன். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தேன். பற்பசைக்குப் பில்.

வீடு வந்து, குளித்து, படிவத்தை எடுத்து உட்கார்ந்தேன். கடையின் சுத்தம்: நன்று. விலைச்சீட்டு: சரி. வரவேற்பு: நன்று. வாடிக்கையாளரிடம் தேவையற்ற பேச்சு, ஆம் அல்லது இல்லை.

பேனாவை மூடி வைத்தேன். அடுப்பில் பால், இறக்கிவிட்டு வந்து பேனாவைத் திறந்தேன்.

ஆம்.