கல்லாற்றில் அப்பா கை நனைத்த கதை

கரமனை,
17-11-1998

என் செல்ல மகள் கலைச்செல்விக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் அப்பாவும் சுகம். ஒவ்வொரு கடிதத்திலும் பழக்கத்துக்கு எழுதுகிற சுகம் இல்லை இது, இரண்டு மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கின சுகம். மஸ்கட்டில் நீயும் அப்படியே நிம்மதியாக இருக்க நெல்லையப்பர் துணை. சேதி நல்லதுதான், பயப்படாதே. ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும், அதனால் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாமல் படி.

கூட வேலை பார்க்கும் மலையாளப் பையன் ஸ்ரீஜித்தைத்தான் கட்டிக்கொள்வேன், ஆனால் அப்பா சம்மதிக்காமல் செய்ய மாட்டேன், சம்மதிக்காவிட்டால் கடைசிவரை இப்படியே இருந்துவிடுவேன் என்று நீ எழுதினாயே, அந்தக் கடிதம் வந்த அன்றிலிருந்து அப்பா உன் பெயரையே எடுக்கவில்லை. சாலை பஜாரில் நம் கடையில் மிளகும் சுக்கும் விற்க வாயைத் திறப்பதோடு சரி, வீட்டுக்கு வந்தால் ஊமை. ரசத்தில் உப்பில்லை என்றுகூடச் சொல்லவில்லை, நான் வேண்டுமென்றே ஒரு நாள் போடாமல் வைத்தும் பார்த்தேன். இப்படியே போனால் உன்னையும் இழந்து இவரையும் இழப்பேன் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. போன வாரம் துணிந்து கேட்டேன், பையனை இப்போது பார்க்க முடியாது, பெற்றவர்களையாவது ஒரு எட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் வேண்டாம் என்று சொல்லுங்கள், பார்க்காமலே சொன்னால் நம் பிள்ளைக்கு மனசு ஆறுமா என்று. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, கல்லாத்துல அவங்க சாப்பாட்டுக் கடைதான வச்சிருக்காங்க, கடைக்கு யாரும் போகலாம், ஆனா நாம யாருன்னு சொல்லப்பிடாது, கை நனைக்கவும் மாட்டேன், ஒரு சாயாவைக் குடிச்சிட்டு எந்திரிச்சிருவேன் என்றார். நம் வழக்கம் உனக்குத் தெரியும், சம்பந்தம் முடிவாகாமல் அந்த வீட்டுச் சோற்றில் கை வைக்க மாட்டோம், வைத்துவிட்டால் சரி என்று வாக்குக் கொடுத்த மாதிரி. அவர் அந்த மட்டுக்கு இறங்கி வந்ததே பெரிது என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தம்பானூரில் பொன்முடி பஸ் ஏறினோம். நெடுமங்காடு தாண்டி விதுரை வரும்வரை கோர்ட்டுக்குப் போகிறவர் மாதிரி மடியில் பையை வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி வந்தார். கல்லாற்றில் இறங்கும்போது மழை விட்டிருந்தது. ஆற்றங்கரையில் வீட்டின் முன்னறைதான் கடை, மொத்தமே நாலு மேசை, எழுதிப்போட்ட போர்டு ஒன்றும் கிடையாது. ஸ்ரீஜித்தின் அப்பா பார்கவன் ஒல்லியான மனிதர், சத்தம் போடாமல் பேசுகிறார். இன்றைக்கு என்ன இருக்கிறதோ அதுதான் சாப்பாடாம். வீட்டுப் பறம்புத் தோட்டத்தில் பிடுங்கின மரச்சீனிக் கிழங்கு, காச்சில் கிழங்கு, சொந்தப் பசுவின் மோர், அக்கம்பக்கத்துக்காரர்கள் கொண்டு தருகிற காய், மலையில் குடியிருக்கும் காணிக்காரர்கள் காட்டிலிருந்து எடுத்து வரும் தேன், வெளியிலிருந்து வாங்குவது உப்பும் அரிசியும்தான் என்று அவர் சொல்லும்போது உன் அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு காதை மட்டும் இங்கே வைத்திருந்தார். பக்கத்து மேசையில் ஆற்றுமீன் கேட்டார்கள், இன்று மீன் இல்லை என்று சொல்லிவிட்டார், அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டார்கள். அப்பா சாயா கேட்டார், மத்தியான ஊணு சமயத்தில் சாயா போடுவதில்லை என்று பார்கவன் அதே மெல்லிய குரலில் சொல்லிவிட்டு எங்கள் முன்னால் இரண்டு இலையைப் போட்டுவிட்டார். இனி இவர் எழுந்து பஸ்ஸுக்கு நடப்பார் என்றுதான் நினைத்தேன். அப்பா இலையைப் பார்த்தார், ஆவி பறக்கிற மரச்சீனியைப் பார்த்தார், அப்புறம் ஸ்பூன் உண்டோ என்று கேட்டார். சூடு தாங்காமல் கேட்கிறார் என்று நான் நினைக்க, என் பக்கம் சாய்ந்து, ஸ்பூன்ல சாப்பிட்டா கை நனைச்சதா ஆகாதுல்லா என்கிறார். செல்வி, நான் சிரிக்கவா அழவா சொல்லு.

வாழையிலையில் ஸ்பூன் வைத்துச் சாப்பிட்ட ஒரே ஆள் உன் அப்பாவாகத்தான் இருப்பார். இலை கிழிந்தது, மோர்க்கறி ஓடி வேட்டியில் இறங்கியது, அசரவே இல்லை. காச்சில் கிழங்கை வேகவைத்த புழுக்கில் கிடந்த ஒரு மிளகை மட்டும் தனியாக எடுத்துக் கடித்துப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார். நல்ல சரக்கைப் பார்த்தால் கடையில் ஆட்டுவாரே, அதே ஆட்டல், எனக்கு அப்போதே பாதி உயிர் வந்தது. அடுத்தபடி காந்தாரி மிளகாய் அரைத்த துவையலை ஒரு ஸ்பூன் அப்படியே வாயில் போட்டுக்கொண்டார். மூக்கு சிவந்து, கண்ணில் தண்ணீர் வந்து, முகமெல்லாம் வியர்த்துவிட்டது. அதை உள்ளே இருந்து ஸ்ரீஜித்தின் அம்மா விலாசினி பார்த்திருக்கிறாள், அங்கிருந்தே தன் வீட்டுக்காரரிடம், சம்மந்திக்கு எரிவு கூடிப்போயோ எந்நு சோதிக்கணே என்றாள். இங்கே துவையலைச் சம்மந்தி என்பார்கள், காரத்தை எரிவு என்பார்கள், சாலையில் நாற்பது வருஷம் மலையாளத்தில் வியாபாரம் செய்தவருக்கு இது தெரியாதா. ஆனால் அன்றைக்கு அவர் மண்டைக்குள் ஒரே ஒரு சம்மந்திதான் இருந்திருக்கிறார். சம்பந்திக்கு எரிச்சல் கூடிப்போச்சான்னு கேளுங்க என்று அந்த அம்மாள் சொன்னதாகவே அவர் காதில் விழுந்திருக்கிறது.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, கடையே கேட்கிற மாதிரி, சம்மந்திக்கு ஒரு எரிச்சலும் இல்லம்மா, பெத்த பொண்ணு கண்காணாத தூரத்துல இருக்காளேங்கிற விசாரம்தான், உங்க பையன் அவளை நல்லா வச்சிக்கிடுவான்னா எனக்கு யார் மேல என்ன எரிச்சல் என்று சொல்லிவிட்டார். பக்கத்து மேசைக்காரர்கள் சாப்பாட்டை நிறுத்திவிட்டார்கள். பார்கவன் கையில் அகப்பையோடு நின்றவர் நின்றபடி. நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். விலாசினி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள், படி கேறினப்பவே எனக்கு மனசிலாயி, கலைச்செல்வியோட போட்டோவில உள்ள அதே மூக்கு என்று அப்பாவின் மூக்கைக் காட்டிச் சிரித்தாள். நாங்கள் சைவம் என்று நீ சொல்லியிருந்தாயாமே, எங்களைக் கண்டதும் மீன் சட்டியை மூடி அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டாளாம், மீன் இல்லை என்று எல்லோருக்கும் சொன்னது அதனால்தான். பார்கவன்தான் மெதுவாக, அவள் கேட்டது அரைச்ச சம்மந்தி சார் என்றார்.

அப்பாவுக்குக் காது நுனிவரை சிவந்தது, அது மிளகாயால் இல்லை. உன் அப்பாவின் வீம்பு எனக்குத் தெரியாதா, அவமானம் என்று எடுத்துக்கொண்டால் எல்லாம் இங்கேயே முடிந்தது என்று நான் பையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். கிழிந்த இலையில் சிந்தினதை ஒதுக்கினார். அப்புறம் ஸ்பூனை இலைக்கு வெளியே எடுத்து வைத்தார், எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார், கொஞ்சம் சோறு போடுங்க என்று கேட்டு வாங்கி, மோர்க்கறியை விட்டு, கையாலேயே பிசைந்து சாப்பிட்டார். இரண்டாம் தடவையும் கேட்டார். நான் அழுததைப் பார்த்து விலாசினி தண்ணீர் கொண்டு வந்தாள், காந்தாரிதான் என்று சொல்லிச் சமாளித்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா என் தோளில் சாய்ந்து நெடுமங்காடு வரை குறட்டை விட்டார். எத்தனையோ நாளுக்கப்புறம் அவர் தூங்கிப் பார்த்தேன், அதனால் தோள் கடுத்தும் அசையவில்லை.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது. தைக்கு லீவு சொல்லிவிடு, இரண்டு பேரும் சேர்ந்தே வாருங்கள். அந்த அம்மாளுக்கு உன் கையால் மலையாளத்தில் ஒரு கடிதம் போடு, நான் பேசினதில் பாதி அவளுக்குப் புரிந்ததோ என்னவோ. தாலி நம் முறையிலா அவர்கள் முறையிலா என்று அப்பாவும் பார்கவனும் பஸ்ஸுக்கு நிற்கும்போதே மெதுவாக ஆரம்பித்துவிட்டார்கள், அது பெரிசாகாமல் பார்த்துக்கொள்வது என் பாடு, நீ அதில் தலையிடாதே. நைட் டியூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே, அந்த ஏசி குளிரில் தலைக்கு எண்ணெய் வைக்காமல் இருக்காதே. எதிர்வீட்டு ஜெயலக்ஷ்மிக்கு மட்டும் சேதி சொல்லியிருக்கிறேன், ஆகவே தெரு முழுக்கத் தெரியும். ஸ்பூன் விஷயத்தை ஸ்ரீஜித்திடம் சொல்லாதே, அவன் அம்மா சொல்லாமல் விட்டிருந்தால்.

நீயும் அவனும் ஒரு குறையும் இல்லாமல் நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று மனசு நிறைந்து ஆசீர்வதிக்கும்,
உன் அம்மா
உலகம்மை

செல்விக்கு அப்பா எழுதுவது. அம்மா எழுதினதைப் படித்தேன், கொஞ்சம் கூட்டித்தான் எழுதியிருக்கிறாள். அந்த அம்மாள் சொன்னதை நான் தப்பாகக் கேட்டது வாஸ்தவம். பதிலுக்கு நான் சொன்னதை, தெரிந்துதான் சொன்னேன்.
கோமதிநாயகம்