தைத்த பிறகு எழுதிய புத்தகம்

நேற்று மத்தியானம் உன் வீட்டுக்காரர் ஒரு மஞ்சள் பையோடு என் தையல் கடைக்கு வந்தார். பையைத் திறந்ததுமே மண்ணெண்ணெய் வாடை. நீ அச்சுக் குத்துகிற ரப்பர் எழுத்துகளில் ஒட்டிய மையை மண்ணெண்ணெயில் துடைத்துத் துடைத்து, உன் சேலை, உன் பை, நீ கொடுத்துவிடும் முறுக்கு வரைக்கும் அந்த வாடை இருக்கும். நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது.

பைக்குள் ஒரு புத்தகம். தீப்பெட்டிக்கு ஒட்டுகிற நீலத்தாளில் அட்டை, உள்ளே பன்னிரண்டு பக்கம், ஒன்றிலும் ஓர் எழுத்துக் கிடையாது. கூடவே ஒரு கவரில் பதினோரு பட்டர் பேப்பர் துண்டுகள். ஒவ்வொன்றிலும் உன் கையெழுத்தில் ஒரு வரி, ஓரத்தில் பக்க எண், பின்பக்கம் முழுக்கப் பென்சில் தேய்த்த கருப்பு. தாளின் மேல் வைத்து வரியின் மீது அழுத்தி எழுதினால் எழுத்து கீழே இறங்கிவிடும்.

"ஆஸ்பத்திரில உக்காந்து அவளே தச்சா. எழுத்த நீங்கதான் ஏத்தணும்னு சொல்லியிருந்தா. பீரோவத் தொறக்க எனக்குத்தான் மனசு வரல" என்றார். "அடுத்த மாசம் வருசம் வருது. அம்மா போட்டோவுக்கு முன்னால வைக்கணும்னு புள்ள ஆசப்படுதா. ஒங்களுக்குச் சிரமம்னா சொல்லுங்க, டிடிபி கடையில குடுத்து அடிச்சு ஒட்டிருதேன்."

"வச்சிட்டுப் போங்க அண்ணாச்சி" என்றேன். இன்னொரு வார்த்தை பேசியிருந்தால் அவரை ஏசியிருப்பேன். பாவம், அவர் என்ன செய்வார். நான் ஏச வேண்டிய ஆள் நீ.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, என் வெட்டு மேசையில்தானே அத்தனை புத்தகமும் செய்தோம். எழுத்து உன் வேலை, தையல் என் வேலை. லேபிள் அச்சகத்தில் ஆறு நாள் வேலை பார்த்தது போதாதென்று ஏழாம் நாளும் மைக் கையோடு வருவாய். பிய்ந்த ரப்பர் செருப்பில் எழுத்து வெட்டுவாய். தீப்பெட்டிப் பண்டல்களில் பெயர் போடுகிற தகர அச்சு மாதிரியே சின்னதாகத் தகரத்தில் எழுத்துகளைக் குடைந்தெடுப்பாய். 'ழ' போட்டால் சுழிக்குள் இருக்கும் தகரம் விழுந்துவிடாமல் ஒரு சின்னப் பாலம் விட வேண்டும் என்பதை முதல் நாள் மறந்துவிட்டு, நான் சிரித்ததற்கு ஒரு வாரம் பேசாமல் இருந்தவள் நீ. பஞ்சில் மையைத் தொட்டு, பழைய பேப்பரில் ரெண்டு ஒத்து ஒத்தி, பாதி காய்ந்த பிறகுதான் நல்ல தாளுக்குப் போவாய். அவசரப்பட்டால் மை தகரத்துக்கு அடியில் ஓடிவிடும்.

உனக்குச் சட்டங்கள் வேறு. "மொதல்ல எழுத்து, பெறகுதான் தையல். தப்புப் போனா ஒரு தாளோட போவும். தச்ச பெறகு தப்புப் பண்ணுனா புத்தகமே போச்சு" என்பாய். இன்னொன்று: "ஒரு பக்கத்துக்கு ஒரு வரிதான். அதுக்கு மேல சொல்லணும்னா நேர்ல போய்ச் சொல்லு."

நேரில் போய்ச் சொல்லு. நீயா சொன்னாய் இதை?

நம் சண்டையும் எழுத்தில்தான் வந்தது. மதுரையில் கண்காட்சிக்கு ஐந்து பிரதி கொடுக்க வேண்டும். நீ கயத்தாற்றில் ஒரு கல்யாணத்துக்குப் போய் இரண்டு நாளாக வரவில்லை. நாள் நெருங்குகிறதே என்று நான் வரிகளைக் கண்ணாடி ஸ்டிக்கரில் அடித்து வாங்கி ஒட்டிவிட்டேன். வந்து பார்த்தாய். "இது என்ன புக்கா, மினிபஸ் கண்ணாடியா?" என்று ஒன்றைப் பிய்த்தாய். தாளின் தோலும் சேர்ந்து வந்தது. "ஒன் எழுத்த நீயே வச்சுக்கோ" என்று சொல்லி மீதி நாலையும் உன் கையில் திணித்து அனுப்பினேன். நான் செய்தது தப்புத்தான். அதைச் சொல்லலாம் என்று நினைக்கும்போதெல்லாம் நீ பிய்த்த சத்தம் காதில் கேட்கும், வீம்பு வந்துவிடும். நாலு மாதம் வீம்பாகவே இருந்தேன்.

அந்த நாலு மாதமும் நீ திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்கு அலைந்திருக்கிறாய். எனக்கு உன் சாவுதான் செய்தியாக வந்தது. உன் வாசலில் நின்றுகொண்டு உன் வீட்டுக்காரரைக் கேட்டேன், ஏன் ஒரு போன் கூடப் பண்ணவில்லை என்று. "அவதான் வேண்டாம்னுட்டா. 'இப்பச் சொன்னா எரக்கப்பட்டு வருவா. கோவம் தீந்து அவளா வரட்டும்'னா."

என் கோபம் தீர எத்தனை நாளாகும் என்று உனக்கு யார் கணக்குச் சொன்னது? இரக்கப்பட்டு வந்தால்தான் என்ன? வந்து, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, மீதிச் சண்டையைப் போட்டிருப்பேன். உனக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டே ஏசியிருப்பேன். அதைக்கூட எனக்கு விடாமல், நீயாகவே முடிவு பண்ணிப் போய்விட்டாய்.

இன்று ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் புத்தகத்தை மேசையில் வைத்தேன். உன் சட்டப்படி பார்த்தால் தையலைப் பிரிக்க வேண்டும். மூன்று தாள், ஐந்து துளை, எனக்கு இரண்டு நிமிட வேலை. தாளை விரித்துப் போட்டுப் பயமில்லாமல் எழுத்தை ஏற்றிவிட்டு, நானே ஒழுங்காகத் தைத்துவிடலாம். பிளேடை நூலடியில் கொடுத்தும்விட்டேன். அப்போதுதான் தையலைச் சரியாகப் பார்த்தேன். என்னிடமிருந்து எடுத்துப்போன சிவப்புக் காஜா நூல். இரண்டாவது துளையில் நூல் இரண்டு தடவை போயிருக்கிறது. ஊசி கோக்கக்கூட என்னிடம் நீட்டுகிறவள், தப்பான துளைக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறாய். கடைசி முடிச்சு முடிச்சே இல்லை, வெறும் சிக்கல். நீ தைத்தது உலகத்தில் இது ஒன்றுதான்.

தெரிந்துதானே தைத்தாய். நான் பிரிக்க மாட்டேன் என்று தெரிந்துதானே. பிளேடைத் தூக்கி டிராயரில் எறிந்தேன்.

அப்புறம் உன் வேலையை நான் செய்தேன். கட்டின புத்தகத்தில் பக்கம் நடுவில் மேடு தட்டி நிற்கிறது, பட்டர் பேப்பர் வழுக்குகிறது. வரிகளெல்லாம் நீ கழுகுமலை பஸ்ஸில் காதால் பொறுக்கியவை. மூன்றாம் பக்கத்தில், "மழ வரும்னு துணி தொவைக்கல, மழையும் வரல, துணியும் அழுக்கு." சிரிப்பு வந்தது, அதற்கும் உன் மேல் எரிச்சல் வந்தது. அழுத்தம் கீழே இறங்காமல் இருக்க ஐந்தாம் பக்கத்துக்கு அடியில் ஒரு தகரத் துண்டை வைக்க மறந்துவிட்டேன். தையல்காரி கை, சாக்கட்டி பிடிக்கிற அழுத்தம். வரி முழுக்க ஏழாம் பக்கத்திலும் பள்ளமாக விழுந்துவிட்டது. நீ இருந்திருந்தால் புத்தகத்தையே பிடுங்கியிருப்பாய்.

அந்தப் பள்ளத்தின் மேலேயே ஏழாம் பக்கத்து வரியை ஏற்றினேன். "நான் எறங்குத எடம் வந்தாச் சொல்லுங்க. தெரியாதுன்னு இல்ல, யாராவது சொன்னா நல்லாருக்கும்." யாரோ ஒரு கிழவர் கண்டக்டரிடம் சொன்னதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். இதை எழுதி வைக்கத் தெரிந்தது உனக்கு.

பன்னிரண்டாம் பக்கத்துக்குத் துண்டு இல்லை. கவரைத் திருப்பிப் பார்த்தால், "12 - நீ" என்று இருக்கிறது.

எழுத்து எனக்கு வராது. ஊசி வரும். என் வரியைப் பட்டர் பேப்பரில் எழுதி, குப்புறப் போட்டு, அடியில் இஸ்திரிப் போர்வையை மடித்து வைத்து, தாளின் பின்பக்கமிருந்து ஊசியால் புள்ளி புள்ளியாகக் குத்தினேன். மை கிடையாது. விரலால் தடவினால் எழுத்து தட்டுப்படும். உன் மகளுக்குத் தடவிப் பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறேன்.

கோபம் தீரவில்லை. தீராமலேதான் நாளைக்கு உன் வீட்டுக்கு வரப் போகிறேன். இந்த மடலில் இருப்பதெல்லாம் நேரில் சொல்ல வைத்திருந்தது. பக்கத்துக்கு ஒரு வரிதான் என்ற உன் சட்டத்துக்காக ஒன்றை மட்டும் குத்தியிருக்கிறேன்:

ஏட்டி, எறங்கும்போது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா.