பார்த்தாலே புரியுமாம்

மார்ச் 4
பார்சல் அலுவலகத்தில் இன்று ஓர் அழைப்பைக்கூடத் தவறவிடவில்லை. பழைய மென்பொருளில் எதற்கும் திரையில் படத்தைத் தேடி மவுஸால் அமுக்கவேண்டும். பார்வையில்லாத நான் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டியதுதான். புதியதில் 'தேடு' என்று தட்டி எண்ணைப் போட்டால் போதும், ஹெட்போனில் கணினிக் குரல் பதிலைப் படித்துவிடுகிறது. மேலாளருக்குத்தான் முகம் கோணுகிறது. "என்னம்மா இது, கறுப்புத் திரையில வெறும் எழுத்தா ஓடுது? எங்கப்பா காலத்து கம்ப்யூட்டர் மாதிரி இருக்கே!" அவங்கப்பா காலத்தில் எனக்கு நல்ல வேலை கிடைத்திருக்கும் போல.

மார்ச் 9
இந்த மென்பொருளை எழுதும் தன்னார்வலர் குழு லோகோ வரைய அழைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் வரையலாம், ஓட்டுப் போடலாம். ஆசையாக அவர்களுடைய இணைய மன்றத்துக்குப் போனேன். குரல் படித்தது: "படம். படம். படம்." ஒன்றுக்கும் விளக்கம் இல்லை. என்ன வரைந்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். 'தூரிகை' என்ற பெயரில் எழுதுகிறவன் பதில் போட்டான்: "பாத்தாலே புரியும்."

மன்றத்தைவிட்டு வெளியே வந்தேன்.

மார்ச் 10
இன்னும் ஆறவில்லை.

மார்ச் 16
தூரிகையின் பறவை ஜெயித்துவிட்டது. கோடு, புள்ளி, அடைப்புக்குறி என்று அடுக்கியே செய்த பறவையாம். மென்பொருளைத் திறந்தால் முதலில் அதுதான் வரும். அலுவலக விதிப்படி ஒவ்வோர் அழைப்புக்கும் புதிதாகத் திறக்கவேண்டும். ஒவ்வொரு தடவையும் என் காதில்: "சாய்கோடு, சாய்கோடு, அடிக்கோடு, புள்ளி, புள்ளி, அடைப்புக்குறி..." மறுமுனையில் வாடிக்கையாளர், "ஹலோ? ஹலோ? லைன்ல இருக்கீங்களா?" இருக்கேன் சார், பறவைக்கு இன்னும் வால் வரலை! குரலை நிறுத்தினால் அடுத்து வரும் பார்சல் தாமத எச்சரிக்கையும் சேர்ந்து போய்விடுகிறது.

மன்றத்தில் முறையிட்டேன். "ஓட்டெடுப்பு முடிஞ்சுபோச்சே, அப்பவே சொல்லியிருக்கலாம்" என்று ஒருவர். அப்பவே கேட்டேனே! எல்லாரும் வாங்கன்னு வாசல்ல எழுதி வச்சுட்டு, உள்ள வந்தா உக்கார இடமில்லன்னா — என்ன நியாயம் இது?

வீட்டுக்கு வந்து கணவரிடம் கொட்டித் தீர்த்தேன். துணி மடித்துக்கொண்டே சொன்னார்: "கண்ணு தெரிஞ்சவங்க எல்லாம் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுப் போட்டிருக்காங்க." கோபத்திலும் சிரித்துத் தொலைத்தேன்.

மார்ச் 20
மேலாளர் கூப்பிட்டார். "உங்க போன் கால் எல்லாம் ரொம்ப இழுக்குது. மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். சரியாகலைன்னா பழைய மவுஸ் புரோகிராமுக்கே போயிடலாம்."

போயிடலாமாம். அவர்கள் போவார்கள். நான் எங்கே போவேன்? வீட்டுக்கு.

மார்ச் 22
கெஞ்சி எழுதினேன், அழித்தேன். திட்டி எழுதினேன், அதையும் அழித்தேன். நான் எதற்குக் கெஞ்சவேண்டும்? மென்பொருளில் எதற்கும் யாரும் மாற்று யோசனை அனுப்பலாம் என்பது அவர்களே வைத்த விதிதானே. அனுப்பிவிட்டேன். படம் இல்லை, ஒலிப்பதிவு. இவர் வாடிக்கையாளராக நடித்து "ஹலோ, ஹலோ" என்று கத்துகிறார். என் காதில் ஓடும் பறவை கொண்டையிலிருந்து வால்வரை முழுசாக. கீழே ஒரு வரி போட்டேன்: கேட்டாலே புரியும்.

மார்ச் 23
ஒரு பதிலும் இல்லை. திமிர்.

மார்ச் 24
தூரிகை எழுதியிருக்கிறான்: "அக்கா, என் பறவை இப்படியா கத்துது? கேக்கவே முடியல, பாதியில நிறுத்திட்டேன்."

"நான் நிறுத்தினா என் வேலையும் சேர்ந்து நிக்கும், தம்பி" என்று போட்டேன்.

மன்னிப்புக் கேட்டான். கோபம் போய்விட்டதா? போகவில்லை. ஆனால் உட்கார்ந்து மென்பொருளில் மாற்றத்தை அவனே எழுதி, குழுவிடம் சண்டை போட்டுச் சேர்த்தும்விட்டான். பறவை இணையதளத்தோடு நின்றுகொள்ளும். அதற்கு விளக்கமும் உண்டு: 'வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் குண்டுப் பறவை.' இதைச் சொல்ல இத்தனை நாளா! கறுப்புத் திரையில் இனி ஒரே ஒரு சொல். என்ன சொல் என்று என்னையே கேட்டான்.

மார்ச் 31
திறந்தேன். "சொல்லுங்க" என்றது குரல். அவ்வளவுதான். 'தேடு' என்று தட்டினேன். நாள் முழுக்க யாரும் லைனில் இருக்கிறேனா என்று கேட்கவில்லை.

சாயங்காலம் மேலாளர் பின்னால் வந்து நின்றார். மவுஸ் பேச்சையே எடுக்கவில்லை. "அந்தப் பறவை எங்கம்மா போச்சு? அழகா இருந்துச்சே!"

அடுத்த அழைப்பை எடுத்தேன்.