மேற்கோள் பட்டியலில் உன் பெயர்

என் செல்ல அக்காவுக்கு,

இதை யாருக்கும் காட்டிவிடாதே. நீ காட்ட மாட்டாய், தெரியும். ஆனால் வேறு யார் கையிலாவது இது கிடைத்தால், தயவுசெய்து எங்கள் அப்பாவிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

அக்கா, உன் லேப்டாப் என் பக்கத்தில் திறந்திருக்கிறது. அதன் வெளிச்சத்தில்தான் இதை எழுதுகிறேன். வெளிச்சம் போதாததால் எழுத்து கோணலாக வருகிறது, திட்டாதே.

ஆடியில் நீ காய்ச்சலில் போன மறுவாரமே அப்பா உன் லேப்டாப்பை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். "அவ பொருள யாரும் தொடக் கூடாது" என்றார். சாவியை அம்மா இடுப்பில் செருகிக்கொண்டாள். தொட்டால் நீ தேய்ந்துபோவாய் என்று அப்பா பயப்படுகிறாரோ என்னவோ.

போன வாரம் உன் ஆராய்ச்சிக்கு கைடாக இருந்த மேடம் போன் செய்தார்கள். அப்பா இப்போதெல்லாம் ஸ்பீக்கரில்தான் பேசுகிறார். அதனால் எனக்கும் கேட்டது.

"சார், சுகன்யா பேப்பர ஜர்னல்ல ஏத்துக்கிட்டாங்க. ரெஃபரன்ஸ மட்டும் அவங்க கேட்ட மாதிரி மாத்திக் குடுக்கணும். பாதி முடிச்சிருந்தா. அந்த ஃபைல் அவ லேப்டாப்லதான் இருக்கு. ஞாயித்துக்கிழமைக்குள்ள அனுப்பலன்னா நாமளே வேண்டாம்னு சொன்னதா எடுத்துக்குவாங்க சார்."

"அவளே போயிட்டா. இனி அந்தப் பேப்பர் யாருக்குங்க?"

அப்பா போனை வைத்துவிட்டு வெளியே போய் வண்டியைத் துடைத்தார். காலையில்தான் துடைத்த வண்டி.

அன்று சாயங்காலம் பார்த்தால், பீரோ சாவி சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா மறந்துவிட்டாள் போலிருக்கிறது. அன்றிலிருந்து அங்கேதான் தொங்குகிறது. எல்லோரும் படுத்த பிறகு எடுக்கிறேன், விடிவதற்குள் திரும்ப மாட்டிவிடுகிறேன். அம்மாவின் போனிலிருந்து நெட் எடுத்துக்கொள்கிறேன். அவள் அதையும் இப்போது ஹாலிலேயே விட்டுவிட்டுப் படுக்கிறாள்.

உன் ஃபைலைத் திறந்தேன். மேற்கோள் பட்டியலில் ஆங்கில எம் எழுத்தில் தொடங்கும் பெயர்கள் முடிகிற இடத்தில் மஞ்சள் பூசி, "பவி இதுவரை வாசித்தாள்" என்று எழுதி வைத்திருக்கிறாய். அதற்கு மறுநாள்தானே உனக்குக் காய்ச்சல் வந்தது?

நினைவிருக்கிறதா? நான் பட்டியலை வாசிக்க வேண்டும், நீ கட்டுரைக்குள் அந்தப் பெயரைத் தேடிப் பிடித்து டிக் அடிப்பாய். அந்த பிரேசில்காரரின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கும். "மெதுவா வாசிடி, அவரு ஒன்னும் பஸ்ஸப் புடிக்க ஓடல" என்பாய்.

எங்கே காற்புள்ளி, எங்கே சாய்வெழுத்து, ஆண்டு அடைப்புக்குள்ளா வெளியிலா என்று நீ மாய்ந்து மாய்ந்து பார்ப்பாய். எறும்பைப் பற்றி எழுதிவிட்டுப் புள்ளிக்கு ஏன் இவ்வளவு அலட்டல் என்று கேட்டேன். "டவுன் பஸ்ல போர்டு தப்பா மாட்டினா நீ எங்க போய் எறங்குவ? நாம சொல்ற பேப்பரத் தேடிப் போறவுக வழி தப்பக் கூடாதுல்ல?" என்றாய்.

எல்லாவற்றுக்கும் மேல், ஒரு பெயரும் விடுபடக் கூடாது உனக்கு. "இதுவும் கல்யாணப் பத்திரிகை மாதிரிதான் பவி. பேரு மூணாவது வரியில வந்துருச்சுன்னு பெரியப்பா சாப்புடாமப் போனாருல்ல? இவுங்க வீட்டுக்கு வந்து சண்டை போட மாட்டாங்க, அம்புட்டுத்தான்." நிறையப் பேர் சேர்ந்து எழுதியிருந்தால், கட்டுரைக்குள் முதல் பெயரை மட்டும் போட்டு 'மற்றும் பலர்' என்று முடித்துவிட வேண்டும் என்பது விதி. உனக்கு அது பிடிக்காது. "பாவம்டி பின்னாடி நிக்கிறவங்க" என்பாய். வீட்டில் நான்தான் மற்றும் பலர் என்று நான் சொன்னதற்குத் தலையில் குட்டினாய். இப்போது குட்டுவதற்கு யார் இருக்கிறார்கள்?

எம்முக்குப் பிறகு நானே வாசித்தேன் அக்கா. நானே தேடினேன், நானே டிக் அடித்தேன். ஓர் இடத்தில் கட்டுரைக்குள் ஓர் ஆண்டும் பட்டியலில் வேறோர் ஆண்டும் இருந்தன. நீ சேர்த்து வைத்திருந்த பேப்பர்களில் அதைத் தேடியெடுத்து, எது சரி என்று பார்த்து மாற்றினேன். நீ விட்ட தப்பை நான் பிடித்துவிட்டேன்! அதை உன்னிடம் சொல்லிப் பீற்றிக்கொள்ளத் திரும்பினேன். உன் கட்டிலில் அயர்ன் பண்ண வேண்டிய துணிகள் கிடந்தன.

மறுநாள் காலையில் அம்மா இட்லி வைத்துக்கொண்டே கேட்டாள்.

"ராத்திரி யார்கிட்டடி பேசிக்கிட்டு இருந்த?"

"இங்கிலீஷ் ஒப்பிச்சேன்மா."

"அப்படியா?" சட்னியை ஊற்றினாள். "ஒங்கக்கா இருக்கையில கேக்குமே, அதே மாதிரி இருந்துச்சு."

நான் தட்டைவிட்டு நிமிரவில்லை. நேற்றிலிருந்து வாயை மூடிக்கொண்டு மனதுக்குள்ளேதான் வாசிக்கிறேன்.

அத்தை இன்னும் மாறவில்லை. போன மாதம் கூட, "எறும்ப எண்ணுறதுக்கு டாக்டர் பட்டமாம்ல? எங்க வீட்டு சீனி டப்பாவுக்கு வந்திருந்தா இனாமாவே எண்ணிட்டுப் போயிருக்கலாம்" என்று ஆரம்பித்தாள். பாதியிலேயே நீ இல்லை என்பது ஞாபகம் வந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நார்த்தாமலை போகிற வழியில் நீ எறும்பு எண்ணிய தைலமரக் காட்டைப் பஸ்ஸில் தாண்டும்போது நான் கீழேதான் பார்க்கிறேன். பஸ்ஸிலிருந்து எறும்பு தெரியாது. ஆனாலும் பார்க்கிறேன்.

இனிமேல் சொல்லப் போவதற்குத்தான் எனக்குப் பயம்.

முதல் நாள் உன் மெயிலைத் திறந்தபோது ஜர்னலிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. 'அன்புள்ள சுகன்யா, திருத்திய பிரதி இன்னும் வரவில்லையே' என்று கேட்டிருந்தார்கள். நான் யோசிக்கவே இல்லை. இன்னும் சில நாள் அவகாசம் வேண்டும் என்று நீ எழுதுவதுபோல் எழுதி, உன் பெயரைப் போட்டு அனுப்பிவிட்டேன். காலையிலேயே பதில் வந்தது. கொஞ்ச நாள் தள்ளிக் கொடுத்து, உங்களிடமிருந்து பதில் வரக் காத்திருக்கிறோம் என்று முடித்திருந்தார்கள். உன்னிடமிருந்து! நீ எழுதுவாய் என்று இந்த உலகத்தில் இன்னும் யாரோ காத்திருக்கிறார்கள். அதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. அந்த வரி பொய் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும், அதை அப்படியே வைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது.

இன்றைக்கு அந்த ஜர்னலின் விதிகளைக் கடைசிவரை படித்தேன். எழுதியவர்களில் யாராவது இறந்திருந்தால், முதல் பக்கத்தில் அவர் பெயருக்குப் பக்கத்தில் சிலுவை போல ஒரு சின்னக் குறி போட்டு, அடியில் காலமானார் என்று எழுத வேண்டுமாம். நான் பொய் எழுதியது தெரிந்தால் உன் பேப்பரைத் திருப்பி அனுப்பிவிடுவார்களா? எறும்போடு நீ வெயிலில் கிடந்ததெல்லாம் என்னால் வீணாகிவிடுமா?

அந்தக் குறியைப் போட்டேன். அழித்தேன். மறுபடி போட்டேன்.

பிறகு பட்டியலின் கடைசிப் பக்கத்துக்குப் போனேன். எஸ் வரிசையில் நீ இருக்கிறாய் அக்கா. நீ முன்பு எழுதிய சின்னப் பேப்பர். உன் பெயர், பின்னால் அப்பா பெயரின் முதலெழுத்து, ஒரு புள்ளி. உனக்கு மேலே ஒரு ஜப்பான்காரர், கீழே ஓர் ஆஸ்திரேலியப் பெண். அங்கே ஜர்னல்காரர்கள் எந்தக் குறியும் கேட்கவில்லை. இவர்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்களா என்று ஒருநாள் உன்னிடம் கேட்டேனே? "பட்டியல்ல அது தெரியாதுடி. படிக்கிறவங்களுக்கு எல்லாரும் பேசிக்கிட்டேதான் இருப்பாங்க" என்றாய்.

முதல் பக்கத்தில் குறி இருக்கட்டும். அது உண்மை. கடைசிப் பக்கத்தில் நீ இருக்கிறாய். அதுவும் உண்மைதானே?

மேடத்துக்கு மெயில் எழுதி வைத்துவிட்டேன். நான் உன் பெயரில் பதில் போட்டதையும் மறைக்காமல் சொல்லி, ஜர்னலுக்கு நீங்களே தெரிவித்துவிடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். விடிந்ததும் ஃபைலை இணைத்து என் பெயரில் அனுப்புவேன். இது சத்தியம். உன் பேப்பர் பொய்யோடு வெளியே போகாது. அப்பா அடித்தாலும் சரி. இன்னும் ஒரே ஒரு பெயரைச் சரிபார்த்தால் பட்டியல் முடிந்துவிடும்.

இப்படிக்கு,
உனக்கு வாசித்துக் காட்டும் உன் தங்கச்சி,
பவி

அக்கா, கதவைத் தட்டுகிறார்கள். லேப்டாப்பை மூடவா? அம்மா குரல்.

"பவி, முழிச்சுத்தானே இருக்க? ரெண்டு நாளா ஏன்டி வாசிக்கிற சத்தத்தையே காணோம்? கதவத் தெற, நானும் இங்கிட்டு ஒக்காந்து கேக்குறேன்."