போயா நாளில் வைத்த வெடி

புதன், 9. போயா.

காலையிலிருந்து தூறல். பஸ்ஸைக் காணவில்லை, வெள்ளவத்தையிலிருந்து ஓட்டோ. அம்மா வாசலில் நின்று புறுபுறுப்பு: "பௌர்ணமி லீவு நாளிலையும் பூமிக்குக் காவலோ?" ஓம், ஒருவர் இருந்தே ஆக வேண்டும். இன்று நான்.

ஒபிஸில் நானும் காவலாளியும் மட்டும். ஏ.சி. குளிர் எலும்பு வரைக்கும். திரையில் நிலஅதிர்வுக் கோடுகள், எல்லாம் சமர்த்து. சாப்பாட்டுக்குச் சற்று முன் மலையக நிலையங்களில் சின்னதாய் ஒரு துடிப்பு. மணியைப் பார்த்தேன். கல்குவாரிக்காரர் தினமும் வெடி வைக்கிற நேரம். பட்டியலில் "கு.வெ." போட்டாயிற்று. குவாரி வெடி.

பார்சலை அவிழ்க்க, போன். தேயிலைத் தோட்டத்து ஆள், பெயர் மருதமுத்து. "தரை ஆடுச்சுங்க மேடம். லயத்து வீடுகள்ல சட்டி பானையெல்லாம் உருண்டுச்சு. புள்ளைங்கள வெளிய கூட்டியாந்துட்டேன்." குவாரி வெடி ஐயா, பயப்படாமல் உள்ளே போங்கோ என்றேன். மனுசன் ஏதோ இழுத்தார். வைத்துவிட்டேன்.

கத்தரிக்காய்க் குழம்பு. உப்புக் காணாது.

வாங்க: அம்மாவின் பிரஷர் குளிசை, தேங்காய் 2, குசினிக்கு பல்ப்.

வெள்ளி, 11.

வெயில். குளிசை வாங்க மறதி.

விடியக்காலை நாலு மணிக்கு அதே இடத்தில் இன்னொன்று. அந்த நேரத்தில் எவன் வெடி வைப்பான்? புதன்கிழமைக் கோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். வெடி என்றால் நிலத்தை எல்லாப் பக்கமும் வெளியே தள்ளும். எந்த நிலையத்திலும் முதல் அசைவு மேலே. இதில் இரண்டில் மேலே, ஒன்றில் கீழே. அப்பட்டமான நிலநடுக்கம். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான்.

"கு.வெ." வெட்டி "நி.ந." ஆக்கினேன். ஒருவரும் பார்க்கவில்லை.

திங்கள், 14.

சேர் காலையிலேயே மேசைக்கு வந்தார். எங்கள் பகுதித் தலைவர், லேசில் சிரிக்காத சிங்கள மனுசன். இன்று பல் முழுக்க வெளியே. நிலத்தடியில் உயிருள்ள பிளவு ஒன்று ஓடுகிறது என்று இத்தனை வருசம் சந்தேகப்பட்டாரே, என் இரண்டு புள்ளிகளையும் போட்டால் அந்தக் கோடு நீளுகிறதாம். வேறு யாரும் என்றால் வெடி என்று விட்டிருப்பார்கள் என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. நானும் சிரித்தேன். வெட்கங்கெட்ட சிரிப்பு.

வீட்டில் அம்மாவுக்குச் சொன்னேன், பாதி மட்டும். கடற்கரைத் தண்டவாளத்தில் கோச்சி போய் கண்ணாடி அலுமாரி கிலுகிலுத்தது. "இதையும் எழுதிவையடி" என்றா. போன் எடுத்த மனுசனின் கதை வர, அம்மா சொன்னா: "தோட்டத்து ஆக்கள் பாவம், எல்லாத்துக்கும் பயந்து சாவினம்." எனக்குச் சுள்ளென்று கோபம். பிறகுதான் விளங்கியது, புதன்கிழமை என்ரை குரலும் இதேதான்.

இப்போது புதன் பக்கத்தைப் புரட்டினேன். தலைப்பில் என் கையெழுத்து: போயா. அன்றைக்குக் குவாரி பூட்டு. ஐயோ.

இன்னுமொன்று. "ஏதோ இழுத்தார்" என்று எழுதியிருக்கிறேன். பச்சைப் பொய். தெளிவாகச் சொன்னார்: "இன்னைக்கு போயாங்களே மேடம், யாருங்க வெடி வைப்பா?" காதில் நல்லாய் விழுந்தது. "ஓம் ஓம், சரி ஐயா" என்று வைத்தேன். சோறு ஆறிப்போகுமாம். தூ.

செவ்வாய், 15.

சேரிடம் சொன்னேன். போன் வந்தது, போயா, எல்லாம். அவர் பேனையைத் திறந்து மூடி, திறந்து மூடி. "ஏக்க மட்ட கியன்ன எப்பா. எயாட்ட கியன்ன." எனக்குச் சொல்லாதே, அந்த ஆளுக்குச் சொல் என்கிறார். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

அந்தத் தோட்டத்து மனுசனின் நம்பர் ஒபிஸ் போனில் கிடக்கிறது. மூன்று தரம் அழுத்தி, மணி அடிக்க முன் வைத்தேன். கோழை.

குளிசை வாங்கியாயிற்று. தேங்காய் இல்லை.

புதன், 16. மழை.

மருதமுத்துவுக்குப் போன் எடுத்தேன். பெயரைச் சொல்ல முன்னமே, "கொழும்பு மேடமுங்களா!" துளிக் கோபமில்லை. அதுதான் தாங்கவில்லை. லயத்தில் அவருக்கு இப்போது 'பூகம்பம்' என்று பட்டப்பெயராம். கடைக்குப் போனால் சின்னனுகள் ஆடிக் காட்டுதுகளாம். "மேடமே வெடின்னு சொல்லிட்டாங்க, நான்தான் தப்பா நெனச்சிட்டேன்னு எல்லாருகிட்டயும் சொல்லிட்டேங்க."

ஐயா, நீங்கள் சொன்னது சரி, பிழை என்னுடையது. இவ்வளவுதான் வசனம். இரண்டு தரம் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

பிறகு: "நான் சொன்னா நம்ப மாட்டாங்க. ஸ்பீக்கர்ல போடுறேன், நீங்களே சொல்லிடுறீங்களா?"

ஆட்களைக் கூப்பிட்டார். கால் சத்தம், யாரோ "பூகம்பம் கூப்புடுது" என்று சிரிப்பு. சொன்னேன். அன்று போயா என்று இவர் எனக்குச் சொன்னார், நான்தான் காதில் போடவில்லை என்றும் சொன்னேன். சிரிப்பு நின்றது.

ஒரு பெண் குரல், கிட்டத்தில்: "வெள்ளிக்கிழமை வெடியக்காலையும் ஆடுச்சுங்க. நீங்க சொன்னதுனால புள்ளைங்களோட உள்ளதான் படுத்திருந்தோம். எதப் பாத்துட்டுங்க எங்கள உள்ள போகச் சொன்னீங்க?"

மணியைப் பார்த்து, என்றேன்.