மூன்றாவது விசில்

யாஷ்சேன்
11 ஆகஸ்ட் 2002

அன்பு மகள் லாந்திக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் அவளுடைய தேனீக்களும் நலம். நீ அங்கே நலமா என்று கேட்பதற்கு முன்னால் ஒரு வேலை சொல்கிறேன். இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்த உன் புருஷன் உன் எதிரில்தான் நிற்பார். முதலில் அவரை ஒரு நாற்காலியில் உட்கார வை. காலில் மாவுக்கட்டு இருக்கிறது, வலது பக்கம் விலா எலும்பு இரண்டில் கீறல் இருக்கிறது, இருமினால் வலிக்கும், மற்றபடி உயிருக்கு ஒன்றுமில்லை. உன் கண்ணாலேயே பார்த்துக்கொள், அப்புறம் தனியாகப் போய் உட்கார்ந்து மீதியைப் படி. போனில் அவர் உன்னிடம் கோபுரப் படியில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னார். பக்கத்தில் நின்ற நானும் ஆமாம் ஆமாம் என்று உன்னிடம் சொன்னேன். அது பொய்யம்மா.

உடனே விஷயத்துக்கு வர மனம் வரவில்லை, அதனால் வீட்டு விஷயத்தை எழுதிவிடுகிறேன். உன் அம்மா ஒரு ஜாடித் தேனும் அந்தச் சிவப்பு அச்சியோத்தே மசாலாவும் கொடுத்தனுப்புகிறாள், மசாலாவை இரண்டு உறை போட்டுக் கட்டியிருக்கிறாள், பிரிக்கும்போது வெள்ளைத் துணி பக்கத்தில் வைக்காதே. காஸ்பார் மாமாவின் வேன் பிரேக் சரி பண்ணியாகிவிட்டது. மேற்குப் பக்கத்து ஓலைக்கூரை இந்த மழையோடு போய்விடும் போலிருக்கிறது. நீ அந்த ஓட்டல் அடுப்படியில் எந்நேரமும் ஈரக்காலோடு நிற்பதாக மாப்பிள்ளை சொன்னார், இரண்டு காலுறை போட்டுக்கொள், குளிர்ந்த தண்ணீரை வேர்வையோடு குடிக்காதே. அவர் உன்னைப் பற்றி எவ்வளவோ சொன்னார். உண்மையைச் சொன்னால் எனக்கு அவர் மேல் ஒரு மனத்தாங்கல் இருந்தது. நம் வழக்கப்படி ரொட்டியும் சாக்லேட்டும் தூக்கிக்கொண்டு மூன்று தடவை பெண் கேட்டு வராமல், ஒரு போட்டோவை அனுப்பிக் கல்யாணம் முடிந்துவிட்டது என்று சொன்ன மனிதர்தானே என்று. வந்த முதல் நாளே உன் அம்மா சுட்ட சோளரொட்டியில் பதினான்கு தின்றார், அதோடு உன் அம்மா அவர் கட்சிக்குப் போய்விட்டாள். நான் மட்டும்தான் முறுக்கிக்கொண்டு திரிந்தேன். இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், பின்னால் நீ படிக்கப் போவதைப் படித்துவிட்டு அந்த மனத்தாங்கலில்தான் அப்பா அப்படிச் செய்தார் என்று நினைத்துவிடக் கூடாது. சத்தியமாக அது இல்லை.

ஜூலை பதினெட்டாம் தேதி, வியாழக்கிழமை. ஊர் சுற்றிப் பார்க்க வந்த ஒன்பது பேர் கொண்ட ஒரு கூட்டத்தை வழக்கம்போலக் கூட்டிப்போனேன். காலையில் இடிந்த நகரம், மதியம் கோயில் வாசல் குடிசையில் உன் அம்மா கையால் மண்ணில் புதைத்துச் சுட்ட குழிக்கோழிச் சாப்பாடு, அப்புறம் காட்டுவழி அரை மணி நடந்து குகைக்குளத்தில் குளியல். மாப்பிள்ளையும் காலையிலேயே கூட வந்தார். கோபுரத்தில் ஏறிப் பாதியில் நின்றுகொண்டு, "மாமா, உங்க தாத்தனுங்க படியைக் கட்டினாங்களா இல்ல சுவரைக் கட்டினாங்களா" என்று கத்திக் கேட்க, கூட்டம் முழுக்கச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வந்ததை நான் காட்டிக்கொள்ளவில்லை. சாப்பாட்டுக்கு அப்புறம் அவர், தான் உன் அம்மாவோடு வீட்டுக்குப் போவதாகவும் பானைகளைத் தூக்க ஆள் வேண்டும் என்றும் சொன்னார். நாங்கள் கிளம்பிவிட்டோம். அதற்குப் பிறகு அவர் மனது மாறி, உன் அம்மாவிடம் எங்கள் பின்னாலேயே போவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ஆக அவர் அவளோடு இருக்கிறார் என்று நான் நினைத்தேன், என்னோடு இருக்கிறார் என்று அவள் நினைத்தாள்.

அவர் வந்து சேரும்போது நாங்கள் எல்லோரும் கீழே தண்ணீரில் இருந்தோம். மேலே ஆணியில் தொங்கிய மிதவைச் சட்டையில் ஒன்றை எடுத்து மாட்டியிருக்கிறார். அப்போது வாலாட்டிக்கொண்டு ஒரு தோ பறவை எதிரில் உட்கார்ந்திருக்கிறது. நீ சின்ன வயதில் அந்தப் பறவையைப் பற்றி ஓயாமல் பேசுவாயாமே, உனக்குப் போட்டோ எடுத்துக் காட்ட வேண்டும் என்று அதன் பின்னாலேயே போயிருக்கிறார். அது இரண்டு மரம் தள்ளி, மூன்று மரம் தள்ளி உட்கார்ந்து இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. பாதையிலிருந்து ஐம்பது அடி தூரத்தில் புதர் மூடிய வறட்டுக் குழி, உனக்குத் தெரியும், மூன்றாள் ஆழம். அதில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். விலா எலும்பு போனதில் கத்த மூச்சு வரவில்லை. சட்டையில் கட்டியிருந்த விசில்தான் இருந்தது.

நாங்கள் திரும்பி வரும்போது மணி மூன்றரை இருக்கும். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. நான் முன்னால், காஸ்பார் கடைசியில், நடுவில் ஒன்பது பேர். வலது பக்கக் காட்டிலிருந்து விசில் வந்தது. ஆள் இல்லாத காட்டிலிருந்து விசில் வந்தால் என்னவென்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முழங்கால் உயரம்கூட இல்லாத அந்தக் காட்டுக் குள்ளர்கள், அலூஷ்கள்தான் விசிலடித்துக் கூப்பிடும், திரும்பிப் பார்த்தவன் வழி தப்புவான், பதில் கொடுத்தவன் புத்தி தப்புவான். என் சித்தப்பா பதில் கொடுத்தவர். மூன்றாம் நாள் கிடைத்தார், அதற்கப்புறம் சாகும்வரை யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை, அவருக்கு நான்தான் சோறு ஊட்டுவேன். குளத்துக்குப் போகும்போது சோளத்தண்ணீர் ஊற்றி உத்தரவு கேட்டுத்தானே போனோம், பிறகு ஏன் கூப்பிடுகிறார்கள் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். தொப்பி போட்ட ஒரு அம்மாள் அது என்ன சத்தம் என்று கேட்டாள். பறவை என்றேன். இரண்டாவது தடவை வந்தது. காஸ்பாரைப் பார்க்காமலே நம் பாஷையில், "திரும்பாதே, பதில் குடுக்காதே, நட" என்று சத்தமாகச் சொன்னேன். "நான் என்னத்துக்குத் திரும்பறேன், நீ வேகமா போ அத்தான், என் பின்னாடி வருது" என்றான் அவன். மூன்றாவது தடவையும் வந்தது. நான் ஏறக்குறைய ஓடினேன். கூட்டம் மழைக்குப் பயந்து ஓடுகிறேன் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே கூட ஓடியது.

வேன் வீட்டு வாசலில் நின்றபோது உன் அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள். "மாப்பிள்ளை எங்கே, பின்னாடி நடந்து வராரா" என்று கேட்டாள். லாந்தி, நான் என் அப்பாவைப் புதைத்திருக்கிறேன், புயலில் வீடு போவதைப் பார்த்திருக்கிறேன், அந்தக் கேள்விக்குப் பயந்தது போல எதற்கும் பயந்ததில்லை. நான் காஸ்பாரைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான். உன் அம்மாவுக்கு அதுவே போதும், அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த நிமிஷம் மழை பிடித்தது.

கூட்டத்தை வீட்டில் விட்டுவிட்டு வேன் கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடினோம். பாதை முழுக்கச் செம்மண் தண்ணீர். "மாப்பிள்ளே, மாப்பிள்ளே" என்று தொண்டை கிழியக் கத்தினேன். எந்தச் சத்தமும் இல்லை. வரும்போது எந்த விசிலுக்குப் பயந்து ஓடினேனோ அதே விசில் ஒரே ஒரு தடவை வராதா என்று காட்டைக் கெஞ்சினேன். அது வரவில்லை. விசில் வந்த இடம் எனக்குத் தெரியும், அங்கேதான் போக வேண்டும். இதையும் எழுதிவிடுகிறேன், அப்போதுகூட நான் காஸ்பாரைத்தான் முன்னால் போகச் சொன்னேன். அவன், "உன் மாப்பிள்ளை, நீ போ" என்றான். போனேன். புதர் ஓரத்தில் ஒரு வேரில் ஆரஞ்சுச் சட்டை தொங்கியது, விசிலை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு கீழேயிருந்து தூக்கி எறிந்து மாட்டியிருக்கிறார். குழியில் எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மண்டியிட்டுப் பிறகு திறந்தேன். மார்பு வரைக்கும் தண்ணீர், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், உதடு நீலம். அவர் என்னைப் பார்த்து நம் பாஷையில், கொச்சையாக, "மாமா, நான்தான், மனுஷன்தான்" என்றார். காய்ச்சலில் உளறுகிறார் என்று நினைத்தேன். அவர் எப்படி அந்த வார்த்தையைச் சொன்னார் என்று யோசிக்க அப்போது நேரமில்லை, கயிறு கட்டி மேலே இழுத்தோம். வாயதோலித் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள், இன்னும் ஒரு மணி நேரம் ஆகியிருந்தால் என்று அந்த டாக்டர் ஆரம்பித்தார், உன் அம்மா அவர் வாயைப் பொத்தாத குறைதான்.

ஊருக்கு எல்லாம் தெரியும், காஸ்பார் வாய் உனக்குத் தெரியாததா. ஒருவர்கூட என்னைக் குறை சொல்லவில்லை. விசிலுக்கு எவன் திரும்புவான், நாங்களாயிருந்தாலும் ஓடித்தான் இருப்போம் என்கிறார்கள். போன வாரம் உன் அம்மா மாவு அரைக்க மில்லுக்குப் போயிருந்தபோது, மாப்பிள்ளை ஊஞ்சல்தூளியில் படுத்தபடி என்னைக் கூப்பிட்டார். "மாமா, உங்க பாஷை எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டீங்க. லாந்தி என்னைத் திட்டறதெல்லாம் அந்த பாஷையிலதான். திரும்பாதே, நட, இதெல்லாம் எனக்கு அத்துப்படி. நீங்க சொன்னது என் காதுல நல்லா விழுந்துச்சு" என்றார். "அந்தக் குள்ளப் பசங்க கதையும் அவ சொல்லியிருக்கா. நான் ஊத ஊத நீங்க வேகமா ஓடுறீங்கன்னு தெரிஞ்சுது. அப்புறம் யார் வந்தாலும் ஓடிடுவாங்கன்னுதான் ஊதறத நிறுத்திட்டேன். உங்க குரல் திரும்ப வந்தப்போ ஊதலாம்னு பாத்தேன், தண்ணிக்குள்ள நின்னு உதடு மரத்துப்போச்சு" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதை லாந்திக்கு எழுதாதீங்க. அவ காட்டுக்குப் பயப்பட மாட்டா மாமா, உங்களுக்குப் பயப்படுவா" என்றார். இப்போது அவரே இந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வருகிறார், தேன் கெடாமல் வைக்கும் பக்குவம் எழுதியிருப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

அவருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. காஸ்பாருக்கும் உன் அம்மாவுக்கும் தெரியாது. அந்த மிதவைச் சட்டைகளை வாயதோலித் சந்தையில் ஒவ்வொரு விசிலாக ஊதிப் பார்த்து வாங்கியவன் நான். மூன்றாவது தடவை வந்த விசில் நீளமாக ஆரம்பித்து, நடுவில் மூச்சு வாங்கி, அறுந்துபோய், மறுபடி தொடர்ந்தது. விசிலுக்குள் இருக்கும் அந்தக் குட்டி உருண்டை உருளும் சத்தம்கூடக் கேட்டது. மூச்சு வாங்குவது மனிதன்தான், லாந்தி. அது எனக்குத் தெரிந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா, ஓடிக்கொண்டே என் ஆட்களை எண்ணினேன். ஒன்பது பேரும் இருந்தார்கள். என் ஆள் இல்லை, வேறு யாரோ, அவர்களுடைய ஆட்கள் வந்து தேடட்டும், இந்த மழையில் நான் எதற்கு அந்தக் காட்டுக்குள் போக வேண்டும் என்று நினைத்து ஓடினேன். முதல் விசிலுக்கு அலூஷ்களுக்குப் பயந்தேன், மூன்றாவதுக்கு அந்தப் பயத்தை ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன். ஊர் மன்னித்தது முதல் விசிலை. மாப்பிள்ளை மன்னித்ததும் அதைத்தான். மூன்று வாரமாகச் சோறு இறங்கவில்லை. தூளியில் அவர் புரண்டு படுத்தால்கூட எனக்குத் தூக்கிவாரிப்போடுகிறது. அவரிடம் சொல்ல நாலு தடவை போனேன், அவர் என்னை மாமா என்று கூப்பிட்டதும் திரும்பி வந்துவிட்டேன். இதை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று நீயே முடிவு செய். எனக்கு அந்தத் தைரியம் இல்லை என்பதை இத்தனை பக்கத்தில் நீயே பார்த்துவிட்டாய்.

கடவுளும் நம் காட்டுப் பெரியவர்களும் உங்கள் இருவரையும் காக்கட்டும், உன் வேலை நல்லபடி நடக்கட்டும், அவர் கால் சீக்கிரம் சுகமாகட்டும். செப்டம்பர் ஆறாம் தேதி மாவுக்கட்டைப் பிரிக்க வேண்டும், மறந்துவிடாதே, அவராகப் போக மாட்டார். தபால்காரன் செவ்வாயும் வெள்ளியும் வருவான். உன் அம்மா வழக்கம்போல வாசலில் நிற்பாள். நான் இனி நிற்கப் போவதில்லை, பின்கட்டில் இருப்பேன், உன் பதிலை அவளே வாங்கட்டும். மேலே என் பேர் எழுதியிருந்தால் அவள் பிரிக்க மாட்டாள். அப்பாவுக்கு என்று நீ எழுதியிருக்கிறாயா, இல்லை அம்மாவுக்கு மட்டும் எழுதியிருக்கிறாயா என்று அங்கிருந்தே கேட்டுத் தெரிந்துகொள்வேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
அனஸ்தாசியோ குமுல்